குளிரால் சுடும் கருவி: மருவிலிருந்து திண்டுக்கல் வரை ஒரு வரலாறு

இலண்டனில் வாழும் எமது பகுதி அன்பர் ஒருவர் அண்மையில் மின்னஞ்சல் ஒன்று அனுப்பியிருந்தார். அங்குள்ள மருந்துக் கடைகளில் பேனா அளவிலான கருவி ஒன்று விற்பனைக்கு இருக்கிறதாம். அதன் முனையை மருவின்மீது சில விநாடிகள் வைத்து அழுத்தினால் அவ்விடம் உறைந்து, சில நாட்களில் மரு உதிர்ந்துவிடுமாம். "இது எப்போது தோன்றிய வித்தை? எங்கள் தோலுக்கு இது ஏற்றதுதானா?" என்று இரண்டு கேள்விகளைக் கேட்டிருந்தார்.

முதற் கேள்வி வரலாறு சார்ந்தது. இரண்டாவது உடல்நலம் சார்ந்தது. இரண்டுக்கும் விடை தேடிச் சில நாட்கள் படித்தேன். இங்கிலாந்தில் தொடங்கிய அந்தக் கதை தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்கள் வழியாகச் செல்வதைக் கண்டபோது, தனிக் கடிதமாக எழுதாமல் எல்லோருக்குமாக இங்கே எழுதுவது பொருத்தம் எனத் தோன்றியது.

தீயும் காரமும்

பாண்டிருப்பு திரௌபதி அம்மன் ஆலயத்தின் தீமிதிப்பால் பேர்பெற்ற ஊர். தீயின் பெருமை அறிந்த ஊரிலிருந்து குளிரின் பெருமையை எழுதுவது சற்று வேடிக்கைதான். ஆயினும் மருத்துவ வரலாறும் இதே வழியில்தான் வந்திருக்கிறது. உடலில் வேண்டாத ஒன்று முளைத்தால் அதை அறுப்பது, சுடுவது, காரமிட்டுக் கரைப்பது ஆகிய மூன்று வழிகளையே உலகின் பழைய வைத்திய முறைகள் யாவும் கையாண்டன. எமது வீடுகளிலும் அவ்வாறே. அம்மான் பச்சரிசிச் செடியின் பாலைத் தொட்டு வைப்பார்கள். சுண்ணாம்பு தடவுவார்கள். காம்புள்ள மருவாயின் குதிரைவால் முடியால் இறுகக் கட்டி, இரத்தவோட்டம் நின்று அது தானாக விழும்வரை காத்திருப்பார்கள்.

குளிரையும் பழங்கால வைத்தியர்கள் அறிந்தே இருந்தார்கள். ஆனால் வீக்கத்தைத் தணிக்கவும், வலியை மரக்கச் செய்யவும், குருதிப் பெருக்கை நிறுத்தவுமே அதைப் பயன்படுத்தினர். 1807ஆம் ஆண்டு பெப்ரவரியில், கொடும் பனியில் நடந்த ஐலோ போரின்போது, நெப்போலியனின் படை வைத்தியர் லாரே குளிரில் விறைத்த கைகால்களை அகற்றுகையில் வீரர்கள் வலியைக் குறைவாகவே உணர்ந்ததைக் கவனித்தார். அங்கும் குளிர் வலியைக் குறைக்கும் துணையாகத்தான் இருந்தது. வேண்டாத திசுவைக் கொல்லும் ஆயுதமாகக் குளிரைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் வர மேலும் நாற்பது ஆண்டுகள் வரை சென்றன.

பனிக்கட்டியும் உப்பும்

அந்த எண்ணத்தைச் செயலாக்கியவர் ஜேம்ஸ் ஆர்னொட் என்ற ஆங்கிலேய வைத்தியர். 1797இல் பிறந்தவர். பிரைட்டன் நகரில் பணிபுரிந்தவர். நொறுக்கிய பனிக்கட்டியையும் உப்பையும் கலந்து, மார்பிலும் கருப்பைக் கழுத்திலும் வெளித்தெரிந்த புற்றுக் கட்டிகள்மீது அவர் 1840களில் பிரயோகித்தார். கட்டிகள் சுருங்கின. வலியும் கசிவும் குறைந்தன. நோய் முற்றாகத் தீர்ந்தது என்று அவர் கூறவில்லை. துன்பம் தணிந்தது என்றே கூறினார். இதற்கென அவர் வடிவமைத்த கருவி 1851இல் இலண்டன் மாபெரும் கண்காட்சியில் வைக்கப்பட்டது.

பனிக்கட்டியோடு உப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். வெறும் பனிக்கட்டி உருகும்போது அதன் வெப்பநிலை பூச்சியம் பாகை செல்சியசில் நிற்கும். உப்பைச் சேர்த்தால் அந்தப் பூச்சியப் பாகையிலும் அது உறைந்த நிலையில் நிற்க முடியாமல் மேலும் உருகும். உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைத் தன்னிடமிருந்தும் சூழலிலிருந்தும் இழுக்கும். இதனால் கலவை பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 20 பாகைவரை குளிர்ந்துவிடும். கையால் சுழற்றும் பழைய ஐஸ்கிறீம் வாளியில் பனிக்கட்டிக்கு மேல் உப்பைத் தூவியது இதற்காகத்தான்.

ஆர்னொட் இதைச் செய்த அதே காலத்தில் எமது வெப்பப் பிரதேசங்களில் பனிக்கட்டி என்பது கடல் கடந்து வந்த அதிசயப் பொருள். அமெரிக்காவின் பொஸ்டன் வணிகரான பிரடெரிக் டியூடர், குளிர்காலத்தில் ஏரிகளிலிருந்து வெட்டியெடுத்த பனிக்கட்டியைக் கப்பலேற்றி 1833இல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் அதைச் சேமிப்பதற்கென 1842இல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் கட்டடமே பிற்காலத்தில் விவேகானந்தர் இல்லம் ஆயிற்று. இன்று எமது கரையோர மீனவர் பெட்டி பெட்டியாக நொறுக்கி மீன்மீது கொட்டும் பொருள், அன்று சென்னையில் சீமான்களின் கிண்ணத்தில் மட்டுமே மிதந்தது.

காற்றைத் திரவமாக்கியவர்கள்

20 பாகைக் குளிர் ஒரு பெரிய கட்டியை அழிக்கப் போதாது. இன்னும் கடுமையான குளிர் வேண்டும். அது பௌதிகவியலாளரின் கூடத்திலிருந்து வந்தது. 1877இல் பிரான்சில் கய்யெத்தேயும் ஜெனீவாவில் பிக்தேயும் ஒருவரையறியாமல் மற்றவர் ஒட்சிசனைத் திரவமாக்கினர். சில கணங்களே நின்ற துளிகள் அவை. 1883இல் போலந்தின் கிராகோவ் நகரில் ருப்லெவ்ஸ்கியும் ஒல்செவ்ஸ்கியும் ஒட்சிசனையும் நைதரசனையும் (தமிழகத்தில் நைட்ரஜன் என்பார்கள்) நிலையான திரவமாகவே பெற்றுக்காட்டினர். 1892இல் ஜேம்ஸ் டிவார் இரட்டைச் சுவருக்கிடையே வெற்றிடம் கொண்ட குடுவையைச் செய்தார். நாம் தேநீர் சூடாறாதிருக்க வைத்திருக்கும் பிளாஸ்க் அதன் வாரிசு. சூட்டைக் காப்பதற்கல்ல, குளிரைக் காப்பதற்காகவே அது பிறந்தது என்பது பலர் அறியாத செய்தி. 1895இல் ஜேர்மனியின் லிண்டே காற்றைப் பெருமளவில் திரவமாக்கும் முறையைக் கண்டார்.

இவ்வாறு பண்டமாகிவிட்ட திரவக் காற்றைத் தோல் நோய்களுக்குப் பயன்படுத்தியவர் நியூயோர்க் வைத்தியர் காம்பெல் வைட். மருக்கள், பிறவி மச்சங்கள், ஆறாப் புண்கள் முதலியவற்றில் அதைப் பிரயோகித்து 1899இல் எழுதினார். பஞ்சு சுற்றிய குச்சியால் தொட்டு வைப்பதும், சீறச் செய்வதும் அவர் கையாண்ட முறைகள். ஆனால் திரவக் காற்று பெறுதற்கு அரிது. அதில் ஓர் ஆபத்தும் இருந்தது. நைதரசன் முதலில் ஆவியாகிவிட, எஞ்சிய திரவத்தில் ஒட்சிசன் செறிந்துவிடும். தீப்பொறி ஒன்று போதும், கேடு விளையும்.

எனவே 1907இல் சிக்காகோ தோல் வைத்தியர் வில்லியம் பியூசி எளிய வழியொன்றை முன்வைத்தார். அதுதான் காபனீரொட்சைட்டுப் பனி. சோடா தயாரிப்புக்காக உருளைகளில் எங்கும் கிடைத்த வாயு அது. உருளையைத் திறந்து தோற்பையொன்றுள் பீறிடவிட்டால் வெண்பனியாகப் படியும். அதைக் குச்சிபோல் அழுத்தியெடுத்துத் தோலின்மீது வைக்கலாம். பூச்சியத்துக்குக் கீழே 78 பாகைக் குளிர் அது. அடுத்த நாற்பது ஆண்டுகள் தோல் வைத்தியரின் முக்கிய குளிர் ஆயுதமாக அதுவே விளங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் திரவ நைதரசன் மலிவாகவும் பரவலாகவும் கிடைக்கலாயிற்று. பூச்சியத்துக்குக் கீழே 196 பாகை. தீப்பற்றாதது. 1950இல் அலிங்டன் என்ற அமெரிக்க வைத்தியர் அதைப் பஞ்சில் தோய்த்து மருக்களுக்கு வைத்ததை எழுதினார்.

கைக்குள் வந்த குளிர்

பஞ்சுக் குச்சிக்கு ஒரு குறை உண்டு. குடுவையிலிருந்து தோலுக்கு வருவதற்குள் குளிரின் பெரும்பகுதி போய்விடும். ஆழமாக உறையச் செய்ய முடியாது. இக்குறையைத் தீர்க்கும் வழி தோல் வைத்தியத்திலிருந்து வராமல் மூளைச் சத்திரசிகிச்சையிலிருந்து வந்தது. 1961இல் நியூயோர்க்கின் இர்விங் கூப்பர், பொறியியலாளர் ஆர்னல்ட் லீயுடன் சேர்ந்து, திரவ நைதரசன் உள்ளே சுற்றியோடும் மெல்லிய உலோகக் குழாயொன்றை உருவாக்கினார். பார்க்கின்சன் நோயாளரின் நடுக்கத்துக்குக் காரணமான மூளைப் பகுதியை அதன் முனையால் உறையச் செய்தார். நவீன குளிர்ச் சத்திரசிகிச்சை அங்கிருந்தே தொடங்குகிறது.

அதன்பின் இரண்டு கிளைகள் பிரிந்தன. ஒன்று, திரவ நைதரசன் விசிறி. 1960களின் நடுப்பகுதியில் டக்ளஸ் டோரே என்ற தோல் வைத்தியர் இதைச் செய்தார். அப்பத்தாண்டின் முடிவுக்குள் செற்றக் சக்கேரியன் என்ற வைத்தியரும் மைக்கேல் பிறைன் என்பாரும் இதை ஒரு கையில் அடங்கும் குடுவையாக்கினர். இதில் இயந்திரமோ மின்சாரமோ இல்லை. குடுவைக்குள் இருக்கும் திரவம் அறை வெப்பத்தில் தானாகக் கொதிக்கிறது. அந்த ஆவியின் அழுத்தமே திரவத்தை மூக்குக் குழாய் வழியே வெளியே தள்ளுகிறது. வைத்தியர் விசையை அழுத்தினால் சீறும், விட்டால் நிற்கும். உலகெங்கும் தோல் நோய்ப் பிரிவுகளில் இன்றும் காணக்கூடியது இதுவே.

மற்றக் கிளையில் திரவ நைதரசனே தேவையில்லை. அழுத்தத்தில் அடைத்த வாயுவை நுண்துளையொன்றினூடே விரியவிட்டால் அது குளிரும். ஜூல், தொம்சன் ஆகிய இரு விஞ்ஞானிகள் 19ஆம் நூற்றாண்டில் கண்ட உண்மை இது. தென்னாபிரிக்கக் கண் வைத்தியர் செலிக் அமொயில்ஸ் 1960களில் இதை வைத்து ஒரு கைக்கருவி செய்தார். காபனீரொட்சைட்டோ, சிரிப்பு வாயு எனப்படும் நைதரசு ஒட்சைட்டோ போதும். கண்புரை வில்லையை ஒட்டியெடுக்கப் பயன்பட்ட இக்கருவியின் உறவினமே துப்பாக்கி வடிவில் மகப்பேற்று வைத்தியரின் கைக்கு வந்தது. சிறு வாயுக் குப்பி பொருத்திய இன்றைய வைத்தியப் பேனாக்களும் இதே குடும்பம்தான்.

அன்பர் கண்டது பெரும்பாலும் மூன்றாவது வகையாக இருக்கும். டைமீதைல் ஈதர், புரோப்பேன் ஆகிய வாயுக்களைக் கொண்டு மருவை உறையச் செய்யும் வீட்டுப் பாவனைப் பொருட்கள் இவை. அமெரிக்காவில் மருந்துச் சீட்டின்றி விற்க 2003இல் அனுமதி கிடைத்தது. இவற்றின் குளிர் திரவ நைதரசனின் குளிருக்கு அருகேயும் வராது.

குளிர் எவ்வாறு கொல்கிறது?

விரைவாக உறையும்போது திசுவுக்குள் பனிப் படிகங்கள் உண்டாகின்றன. அவை உயிரணுவிலிருந்து நீரை இழுத்து அதன் சவ்வைச் சிதைக்கின்றன. பின்னர் மெதுவாக உருகும்போது மேலும் சிதைவு. நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடுவதால் தப்பியவையும் பட்டினியால் மடிகின்றன. விரைவாக உறையச் செய், மெதுவாக உருகவிடு, மீண்டும் உறையச் செய் என்பதே இத்துறையின் அடிப்படை விதி.

எல்லா உயிரணுவும் ஒரே குளிரில் சாவதில்லை. புற்றணுக்களை உறுதியாகக் கொல்லப் பூச்சியத்துக்குக் கீழே 50 பாகைவரை செல்ல வேண்டும். தோலின் மேற்படை அணுக்கள் 20 முதல் 30 பாகையில் மடியும். ஆனால் தோலுக்கு நிறந்தரும் அணுக்களோ பூச்சியத்துக்குக் கீழே 4 முதல் 7 பாகையிலேயே மடிந்துவிடும். அன்பரின் இரண்டாவது கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. வெள்ளைத் தோலில் கண்ணுக்குத் தெரியாத தழும்பு, எமது கரிய தோலில் வெண்புள்ளியாக மாதக்கணக்கில், சிலவேளை நிரந்தரமாகவே நின்றுவிடலாம். முகத்தில் இதைப் பிரயோகிக்க எண்ணுவோர் முதலில் அறிய வேண்டியது இதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மரு என்பது பப்பிலோமா வைரசினால் வருவது. சிறுவர்க்கு வரும் மருக்களில் ஏறத்தாழப் பாதி ஓராண்டுக்குள் தானாகவே மறைந்துவிடும். 2011இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்றில் உள்ளங்கால் மருவுள்ள 240 பேருக்குத் திரவ நைதரசனும், கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சலிசிலிக் அமிலமும் பிரித்துக் கொடுக்கப்பட்டன. பன்னிரண்டு வாரங்களின் பின்னர் முற்றாகக் குணமடைந்தோர் இரு பக்கமும் 14 சதவீதம்தான். விலையுயர்ந்த குளிரும் மலிவான அமிலமும் சமமாகவே நின்றன. அப்படியாயின் இந்தக் கருவியின் பெருமைதான் எங்கே?

அம்பிளிக்கைத் தாதியர்

அதற்கு நாம் திண்டுக்கல் மாவட்டத்துக்குச் செல்ல வேண்டும். ஜேர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணம் பப்பிலோமா வைரசின் சில வகைகளே என்பதை நிறுவினார். 1983இல் அவற்றுள் முக்கியமான 16ஆம் வகையைக் கண்டறிந்ததாக அறிவித்த அவருக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. கைவிரலில் மரு உண்டாக்கும் வகைகள் வேறு, புற்றுநோயை உண்டாக்கும் வகைகள் வேறு. ஆகவே கையில் மருவுள்ளோர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் குடும்பம் ஒன்றுதான். கருப்பைக் கழுத்தில் இவ்வைரசு உண்டாக்கும் மாற்றங்கள் புற்றுநோயாக முற்றப் பல ஆண்டுகள் எடுக்கும். அந்த இடைக்காலத்தில் கண்டுபிடித்து உறையச் செய்துவிட்டால், வரவிருந்த புற்றுநோயைத் தடுக்கலாம்.

2000ஆம் ஆண்டில், உலக சுகாதார நிறுவனத்தின் லியோன் நகரப் புற்றுநோய் ஆய்வு முகவரகமும், ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்ரியன் பெலோஷிப் சமூக சுகாதார நிலையமும் கூட்டாக ஒரு பெரும் ஆய்வைத் தொடங்கின. தலைமை தாங்கியவர் சங்கரநாராயணன் என்ற இந்திய விஞ்ஞானி. மாவட்டத்தில் 114 பகுதிகள் தெரிவு செய்யப்பட்டு, சரிபாதியாகப் பிரிக்கப்பட்டன. பரிசோதனைக்குரிய பகுதிகளில் 30 முதல் 59 வயதுவரையான பெண்கள் 49,311 பேர் இருந்தனர்.

பரிசோதித்தவர்கள் பயிற்சி பெற்ற தாதியர். கையில் இருந்தது வினாகிரியின் சாரமான அசற்றிக் அமிலம், நூற்றுக்கு நான்கு பங்குக் கரைசல். அதைத் தடவினால் பழுதான இடம் வெளுத்துக் காட்டும். உருப்பெருக்கியால் பார்த்து, தகுந்த பெண்களுக்குத் தாதியரே அதே வருகையில் உறைகருவியால் சிகிச்சை அளித்தனர். பெரிய வைத்தியசாலைக்குப் பேருந்தேறி அலைய வேண்டியதில்லை. ஒருநாள் கூலியை இழந்து வரும் பெண்ணை இரண்டாம் முறை அழைத்தால் வரமாட்டாள் என்பது அந்நிலத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

2007இல் லான்செற் இதழில் முடிவுகள் வெளிவந்தன. அழைக்கப்பட்டவர்களில் 31,343 பேர், அதாவது 63.6 சதவீதத்தினர் வந்திருந்தனர். மூன்றில் ஒரு பங்கினர் வராதபோதும், ஒரே ஒரு முறை நடந்த பரிசோதனையால் அப்பகுதிகளில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் நேர்ந்த மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. ஆர்னொட் பனிக்கட்டியும் உப்பும் கொண்டு வலியைத் தணிக்க முயன்ற அதே உறுப்பில், அதே நோயை, நூற்றைம்பது ஆண்டுகளின் பின்னர் தமிழ்க் கிராமமொன்றில் தாதியர் முளையிலேயே நிறுத்தினர்.

இதன் மறுபக்கத்தையும் ஒரு பத்திரிகையாளன் மறைக்கலாகாது. ஒப்பீட்டுக்காக விடப்பட்ட பகுதிகளில் 30,958 பெண்கள் இருந்தனர். அவர்களுக்கு அப்பரிசோதனை வழங்கப்படவில்லை. ஆய்வுக் காலத்தில் அவர்களில் 92 பேர் இந்நோயால் இறந்தனர். இது முறையா என்ற அறக்கேள்வி பின்னாளில் இந்தியாவிலும் வெளியிலும் எழுந்தது. அவர்களுக்கு அதுவரை எவ்விதப் பரிசோதனையும் இருக்கவில்லை என்பது ஆய்வாளர் தரப்பு வாதம். இருக்கவில்லை என்பது கொடுக்காமலிருக்க நியாயமாகுமா என்பது எதிர்வாதம். அந்த 92 பெண்களையும் நினைவில் வைத்தே இவ்வெற்றியை நாம் போற்ற வேண்டும்.

கருவி அறியாதது

இலங்கையிலும் இக்கருவிக்கு ஒரு தனி வரலாறு உண்டு. மணல் ஈ கடிப்பதால் பரவும் லீஷ்மேனியா என்ற தோல் நோய் இங்கேயே தொற்றியதாக முதன்முதலில் 1992இல் பதிவாயிற்று. 2008இல் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. அனுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டைப் பகுதிகளில் பலரைப் பீடித்துள்ள இந்நோய்க்கு, ஊசிமருந்தோடு திரவ நைதரசனும் எமது தோல் வைத்தியர்களின் சிகிச்சைகளுள் ஒன்று. ஆனால் அந்நோய் தொடங்கும்போது வலியற்ற சிறு பருவாகவே தெரியும். மரு என்று எண்ணிக் கடைப் பேனாவால் உறையச் செய்பவர், நோயைத் தீர்க்காமல் அதன் அடையாளத்தை மட்டும் கலைத்துவிடுவார். கரும் மச்சமாகத் தோன்றும் கொடிய தோற் புற்றுக்கும் இது பொருந்தும்.

குளிர் தான் தொடுவது எது என்று கேட்பதில்லை. அம்பிளிக்கையில் பெண்களைக் காத்தது குளிர் மட்டுமல்ல, அதற்கு முன் பார்க்கப் பயின்ற தாதியின் கண்ணும்தான். கடைப் பெட்டிக்குள் குளிர் இருக்கிறது, அந்தக் கண் இல்லை. ஆகவே கைகால்களில் உள்ள, மரு என்று வைத்தியர் உறுதி சொன்ன மருவுக்கு அன்பர் அதைப் பயன்படுத்தட்டும். முகத்திலும், மறைவிடத்திலும், நிறம் மாறும் மச்சத்திலும், நீரிழிவுள்ளோர் பாதத்திலும் வேண்டாம்.

வரலாறு இத்தோடு நிற்கவில்லை. வாயு உருளைகள் கனமானவை, அடிக்கடி நிரப்ப வேண்டியவை. எனவே மின்கலத்தால் இயங்கி, சூட்டினால் அதே பணியைச் செய்யும் கைக்கருவிகள் வந்துவிட்டன. 2019இல் உலக சுகாதார நிறுவனமும் அதற்கான வழிகாட்டலை வெளியிட்டது. நூற்றெழுபது ஆண்டுப் பயணத்தின் பின்னர் மருத்துவம் மறுபடி சுடுவதற்கே திரும்பியிருக்கிறது. எது வசதியோ அது நிலைக்கட்டும். குளிரா சூடா என்பது அந்தப் பெண்ணுக்குப் பொருட்டல்ல.

எமது தாய்மாருக்கும் சகோதரியருக்கும் ஒரு வார்த்தை. இலங்கையில் 1996 முதல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் வழியாகச் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. 35 வயதை எட்டிய பெண்களுக்கான கருப்பைக் கழுத்துப் பரிசோதனை அங்கே இலவசம். 2017 முதல் ஆறாம் தரத்தில் கற்கும் சிறுமியருக்கு இவ்வைரசுக்கான தடுப்பூசியும் இலவசமாக வழங்கப்படுகிறது. திண்டுக்கல்லில் வராதிருந்த மூன்றில் ஒரு பங்கினரைத் தடுத்தது வெட்கமோ, வேலையோ, வீட்டாரின் அனுமதியோ, நானறியேன். எமது கரையோரத்தில் தமிழ், முஸ்லிம் என்ற பேதமின்றி இம்மூன்றும் உண்டு என்பதை மட்டும் அறிவேன். கைவிரல் மருவுக்காக மருந்துக் கடைக்குப் போகும் அக்கறையில் பாதியை இதற்குச் செலவிட்டாலும் போதும்.